இரவல் கை

“இப்ப ஒண்ணும் இல்ல டாக்டர். எல்லாம் போயிருச்சு.”

“கதவுக்குக் கதவு தலையைக் குனியறது?”

“இல்ல.”

“மாடிப்படியில நடுவுல ஒரு படியை விட்டுத் தாண்டறது?”

“அதுவும் இல்ல. இப்ப உங்க மாடிக்கு ஏறி வரும்போதுகூட எல்லாப் படியையும் மிதிச்சுத்தான் வந்தேன்.”

“வலது கை?”

பதில் சொல்ல வேண்டியவன் தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கி வைத்திருந்தான். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தையைப் போல அந்தக் கை அடங்கி உட்கார்ந்திருந்தது.

“கையும் சும்மாத்தான் இருக்கு,” என்றான் தொம்மை.

டாக்டர் நப்பின்னை பேனாவை மூடி வைத்தார். நல்ல செய்தி கேட்டவரின் முகமாக அது இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடற்படைத் தளத்தின் பயிற்சிக் குளம் தெரிந்தது. கமாண்டோ பிரிவுக்குப் புதிதாகத் தேர்வானவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருகாலத்தில் தொம்மையும் அப்படிக் குதித்தவன்தான்.

“நிச்சயமாச் சொல்றீங்களா?”

“நிச்சயமா.”

“சரி. அப்போ அங்கே நான் வேற பதில்தான் சொல்லணும்,” என்றார் டாக்டர், பாதி தனக்குத்தானே.

எங்கே, யாருக்கு என்று தொம்மை கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும். பேச்சு நீண்டால் கை ஏதாவது செய்துவிடும். சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தான். தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் உடம்பை அதன் போக்கில் விட்டான். அவனைவிட ஒன்றரை முழம் உயரமான கதவு நிலைக்குக் கீழே அவன் தலை குனிந்தது. படிகளில் இறங்கும்போது கால்கள், உடைந்தே இராத ஒரு படியை, உடைந்த படியைத் தாண்டுவதுபோல் கவனமாகத் தாண்டின.

மேலதிகாரி ஒருவரிடம் அவன் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

மழைக்காலத்துக்கு முன்னால், இதே அறையில்தான் டாக்டர் அவனுக்கும் அவன் கூட்டாளி மஸ்தானுக்கும் விஷயத்தை விளக்கியிருந்தார்.

“நீங்க வேம்பார்க்காரர்தானே? மீன் சாப்பிடும்போது முள்ளை எப்படி எடுக்கறீங்க?”

“எப்படின்னா? எடுக்குறதுதான்.”

“யோசிச்சா எடுக்கறீங்க?”

“யோசிச்சா தொண்டையில மாட்டிக்கிரும் டாக்டர்.”

“அதேதான். அது உங்க ஞாபகத்துல இல்ல, விரல்ல இருக்கு. எனக்குச் சொல்லித் தரச் சொன்னா உங்களால முடியாது. ஆனா அதை மட்டும் உங்ககிட்டேர்ந்து எடுத்து எனக்குள்ள வைக்க முடிஞ்சா?”

“வச்சா நீங்களும் எங்க கூடச் சாளைக் குழம்பு சாப்பிட வந்துருவீங்க,” என்றான் மஸ்தான்.

டாக்டர் சிரித்தார். “வரமாட்டேன். மீன் மேல ஆசை வராது. முள்ளு எடுக்க மட்டும் வரும். முகம், பேரு, பிரியம், கோபம் எதுவும் கூட வராது. வெறும் அசைவு மட்டும்தான்.”

வெறும் அசைவு. பின்னாளில் தொம்மை இந்த இரண்டு சொற்களையும் எத்தனையோ தடவை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறான்.

அந்த அசைவு தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு வீடு. தெற்கே வெகுதூரத்தில், தென்னந்தோப்பு வேலைக்கென்று ஒருகாலத்தில் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவுக்கூட்டம் ஒன்று இருந்தது. நங்கூரம் என்ற ஆயுத இயக்கம் அங்கிருந்துதான் கப்பல்களை மறித்தது, துறைமுகங்களில் குண்டு வைத்தது. போன வருடம் ஒரு பயணிகள் படகைத் தகர்த்தது. மூழ்கிப்போன அந்தப் படகுக்குள் இறங்கி உடல்களை வெளியே எடுத்தவர்களில் தொம்மையும் ஒருவன். இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்த மாதிரிக் கிடந்த ஒரு தாயையும் கைக்குழந்தையையும் பிரிக்க முடியாமல் சேர்த்தே மேலே கொண்டுவந்தவன்.

இயக்கத்தின் தலைவரும் அவரோடு கூடவே இருந்த இருவரும் ஒரு பழைய எண்ணெய் ஆலையில் வசித்தார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது, செல்போன் கிடையாது. மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியையாவது உடம்பில் கட்டிக்கொண்டு யாரேனும் உள்ளே நுழைந்தால் கண்டுபிடித்துக் கூவுகிற பொறி ஒன்று வாசலில் இருந்தது. இருட்டில் பார்க்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்பு ஒருமுறை போனவர்கள் அந்த வாசலைத் தாண்டவில்லை. உள்ளே இருந்தவர்களோ பகலும் இரவும் அந்தக் கும்மிருட்டில் சுவரைத் தொடாமல், ஒருவரோடொருவர் மோதாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பழக்கம்.

அந்தப் பழக்கம் உள்ள ஒருவன் கடலில் வைத்துப் பிடிபட்டான். ஆலையின் வெளிக்கொட்டகையில் தேநீர் போட்டு உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பவன். அவன் பெயரைத் தொம்மைக்கு யாரும் சொல்லவில்லை. அவன் சம்மதித்துவிட்டான் என்று மட்டும் சொன்னார்கள். பக்கத்து அறையில் அவன் படுத்திருக்க, இந்த அறையில் இவன் படுத்திருந்தான். எழுந்து நின்றபோது தொம்மையின் கால்களுக்கு, அவன் பார்த்தேயிராத ஒரு வீடு தெரிந்திருந்தது.

“பேய் ஏத்திட்டாங்களா?” என்று கேட்டான் மஸ்தான்.

“ஏத்திட்டாங்க, லே. சாயா போடுற பேய்.”

தொம்மை, மஸ்தான், இன்னும் இருவர் என்று அவர்கள் நான்கு பேர் போனது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எல்லோரும் இரவில்தான் வருவார்கள் என்று காவல் காக்கிற ஊரில், உண்ட மயக்கத்தில் காவலும் கண்ணயரும் வேளை அது. கடலிலிருந்து ஓடை வழியாகக் குமிழி விடாத மூச்சுக் கருவியோடு நீந்தி, தேங்காய் மட்டை ஊறப்போடும் குட்டையில் நான்கு பேரும் எழுந்தார்கள். கறுத்த தண்ணீர். அழுகின மட்டையின் நாற்றம் தோலுக்குள் இறங்கியது. கருவிகளையெல்லாம் கரையில் மட்டைக் குவியலுக்குள் புதைத்துவிட்டு, கத்தியும் துப்பாக்கியும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கயிற்றைப் பிடித்தபடி, தொம்மை முன்னே போக மற்ற மூவரும் பின்னே போனார்கள்.

வாசலுக்குள் கால் வைத்ததும் வெயில் அறுந்து விழுந்தது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆனால் கால்கள் தயங்கவில்லை. தலை தானாகக் குனிந்தது. முடியில் ஒரு உத்தரம் உரசிப் போனது. சொந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது என்று திரும்பி வந்ததும் அதிகாரிகள் கேட்டபோது சொன்னான். அது சரியில்லை. சொந்த வீட்டில்கூட அவன் அவ்வளவு நிம்மதியாக நடந்ததில்லை.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு திருப்பம். அங்கே அவன் நின்றான். நிற்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. உடம்பு நின்றது. வலது கை பக்கவாட்டில் தாழ்ந்து இருட்டுக்குள் இறங்கி, ஒரு தலையைத் தொட்டது.

சின்னத் தலை. கலைந்த முடி. சூடு.

“அப்பா,” என்றது தூக்கக் குரல். “வந்துட்டீகளா?”

பின்னால் கயிறு விறைத்தது. மஸ்தானின் கை கத்தியை நோக்கிப் போவது கயிறு வழியே தெரிந்தது. குழந்தை கத்தினால் எல்லாம் முடிந்தது. அதற்குள் தொம்மையின் கை அந்தத் தலையை மெல்லத் தட்டியது. காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டது. கீழே கிடந்த துணியைத் தேடி எடுத்து, தோள்வரை இழுத்துப் போர்த்தியது. அவனுக்குத் தங்கை இல்லை, குழந்தை இல்லை. யாரையும் அவன் போர்த்திவிட்டதில்லை. குழந்தை அவன் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, மறுபடி தூங்கிப்போனது. விரலை உருவிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. கைதான் உருவிக்கொண்டது. அதற்கு அந்த நுணுக்கமும் தெரிந்திருந்தது.

மாடி அறையின் வாசலில் இன்னொன்று நடந்தது. அவன் விரல் கச்சையின் உலோக வளையத்தைக் கத்திப் பிடியில் தட்டியது. டிங், டிங். மஸ்தான் இருட்டில் அவன் தோளைப் பிடித்து நசுக்கினான். உள்ளே ஒருவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“வெயிலு?” என்றது வயதான ஒரு குரல். பயம் துளியும் இல்லாத குரல். “ஏய், நீயாடா? கடல்ல போயிட்டேன்னாங்களே. வந்துட்டியா?”

அந்தக் குரல் வந்த திசையை நோக்கித்தான் தொம்மை சுட்டான்.

சொல்லிக்கொள்ள முடியாத வெற்றி அது. மாலை இல்லை, செய்தித்தாள் இல்லை. மஸ்தான் நாகூருக்குப் போய் மனைவி பக்கத்தில் இருந்துவிட்டு, சற்று சதை போட்டுத் திரும்பி வந்தான். தொம்மைக்குப் போக இடமில்லை. வேம்பாரில் வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன்கள் இருவரும் வளைகுடாவில். அம்மா செத்தபோது அவன் நீருக்கடியில் பயிற்சியில் இருந்தான். கரையேறியபோது அடக்கமே முடிந்திருந்தது. தளத்துக்கு வெளியே ஒரு சிறிய குவார்ட்டர்ஸ். ஒரு நாற்காலி, ஒரு தட்டு. பேச்சுத் துணைக்குக் குழாயில் சொட்டும் தண்ணீர்.

அங்கேதான் கை விழித்துக்கொண்டது.

அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது பக்கவாட்டில் தாழும். ஒன்றுமில்லாத காற்றைத் தட்டிக்கொடுக்கும். காதோரத்தில் எதையோ ஒதுக்கிவிடும். முதலில் அவன் பயந்தான். சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு பழகிப்போனான். பிறகு, யாரிடமும் சொல்லத் தோதில்லாத ஒன்று நடந்தது. தாகமில்லாத நேரத்திலும் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போகத் தொடங்கினான். திரும்பி வரலாமே. அந்த இடத்தில், அந்த உயரத்தில், காற்று கொஞ்சம் கதகதப்பாக இருப்பதுபோல் இருந்தது. உலகத்தில் எங்கோ ஒரு வீட்டில் மாலை நேரத்தில் ஒருவன் உள்ளே வர, ஒரு குழந்தை தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அந்த ஒருவனின் இடத்தில் ஒரு கணம் நிற்க அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது.

அதனால்தான் பொய் சொன்னான். இருக்கிறது என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

டாக்டர் நப்பின்னை அவன் குவார்ட்டர்ஸைத் தேடிக்கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சீருடை இல்லாமல், சாதாரணச் சேலையில். உட்காரச் சொல்ல ஒரே நாற்காலிதான் இருந்தது. தொம்மை நின்றுகொண்டான்.

“நகல் எடுக்கறோம்னு நெனச்சேன்,” என்றார் அவர், எந்த முன்னுரையும் இல்லாமல். “அப்படித்தான் அந்த மனுஷன்கிட்டயும் சொன்னேன். ஆனா நகல் இல்ல அது. எடுத்த இடம் காலியாயிடுச்சு.”

“யாருக்கு?”

“வெயிலுமுத்துவுக்கு. உங்களுக்குக் குடுத்த ஆளு. உயிரோட இருக்கார், பேசறார், எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா நிலைப்படியில இடிச்சுக்கறார். வேட்டி முடிச்சுப் போடத் தெரியல. இப்படி ஆகலாம்னு எனக்குச் சந்தேகம் இருந்தது தொம்மை. யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

குழாய் சொட்டியது.

“அவருக்கு ஒரு பொண்ணு. பவளம். மத்தியானம் பள்ளிக்கூடத்துல இருப்பா, வீட்ல இருக்கமாட்டான்னு சொல்லித்தான் அவர் சம்மதிச்சார். அவளைப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கணும், அது ஒண்ணுதான் அவர் கேட்டது. ஆனா அப்பா கடல்ல செத்துட்டார்னு நெனச்சதும் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டா. அவர் கடைசியாப் பார்த்த இடத்துலயே படுத்துக் கெடந்திருக்கா.”

தொம்மையின் கை தாழப் பார்த்தது. அவன் அதைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

“நீங்க போனப்புறம் அவ ஊர் பூரா சொல்லியிருக்கா, அப்பா வந்தாருன்னு. மட்டைக் குட்டை வாடையோட வந்தாரு, தட்டிக்குடுத்தாரு, போர்த்திவிட்டாருன்னு. ஊர்க்காரங்க என்ன நெனப்பாங்க? காட்டிக்குடுத்தவனோட மகள் எங்களுக்கு வேண்டாம்னு படகுல ஏத்தி நம்ம கப்பல்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் முனையில, பழைய லைட்ஹவுஸ் வீட்ல இருக்காங்க. காவலோட. ஒரே வீடு. அவ அவர் கிட்டயே போறதில்ல.”

“ஏன்? அப்பாதானே?”

“அப்பா வந்தாரு, நான் தாத்தான்னு கூப்பிட்ட தலைவரைக் கொன்னாரு, என்னை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாருன்னு ஒரு பக்கம் நெனக்கறா. இன்னொரு பக்கம், அவர் தலையைத் தொட்டாக் கத்தறா. இது எங்கப்பா கை இல்லேங்கறா. ரெண்டுமே அவளுக்கு நெஜம்தான்.” டாக்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “திருப்பி வைக்கலாம்னு பார்த்தேன். உங்ககிட்ட இருந்தா, நீங்க சரின்னு சொன்னா, முடியும். மேலிடத்துல கேக்கப்போறதில்ல. ஆனா சீக்கிரம் செய்யணும். நாளாக நாளாக அது உங்க சொந்தப் பழக்கத்தோட கலந்துபோயிடும். அப்புறம் பிரிக்க முடியாது. இப்பவே எது எதோட ஒட்டியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எடுத்தா உங்க நீச்சல்கூட வந்தாலும் வரும். நீங்கதான் போயிடுச்சுங்கறீங்களே. விடுங்க. ஒரே ஒரு உதவி. அவர் உங்களைப் பார்க்கணுங்கறார். வரீங்களா?”

அவர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். தொம்மை அவருக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தான். திறந்தபோது தலை குனிந்ததா என்பது அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் மட்டும் ஒரு கணம் நின்று அவனைப் பார்த்தார்.

லைட்ஹவுஸ் வீடு நிலத்தின் கடைசியில் இருந்தது. அதற்கப்புறம் பாறை, பாறைக்கப்புறம் தண்ணீர். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். டாக்டர் அவனிடம் பேசிக்கொண்டு வெளியிலேயே தங்கிவிட்டார்.

“வாங்க தம்பி. வீட்டுக்குள்ள நடந்த காலு இதுதானா?” என்றார் வெயிலுமுத்து.

ஒல்லியான, நாற்பது தாண்டாத மனிதர். நெற்றியில் பழையதும் புதியதுமாகக் காயங்கள். வேட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கோபத்தை எதிர்பார்த்து வந்த தொம்மைக்கு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“வணக்கம் அண்ணாச்சி.”

“உக்காருங்க. நெத்தியப் பாக்காதீக. இந்த நெலக்கதவு எனக்கு எதிரி. தெனம் ஒரு தடவ மோதித்தான் பழகுறோம்.” குரலைத் தாழ்த்தினார். “உள்ள புள்ள இருக்கா. சாயா குடிக்கிறீகளா? போடுறதுதான் என் பொழப்பு. இப்ப அதுவும் வாய்ப்பேச்சுதான்.”

அடுப்பில் தேநீர் தயாராகத்தான் இருந்தது. அதை ஆற்ற வேண்டியதுதான் பாக்கி. ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஊற்றப் போனார். கை எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று யோசித்தார். யோசித்ததும் தேநீர் விரலில் கொட்டியது. மறுபடி முயன்றார். தரையில் கொட்டியது. கொட்டினதைப் பார்த்துக்கொண்டு, யாரோ அடித்த மாதிரி, அப்படியே நின்றார்.

“குடுங்க அண்ணாச்சி.”

வாங்கியது தொம்மைதான். ஆற்றியது அவன் இல்லை. கை தலைக்கு மேலே போயிற்று. பழுப்பு நிற நூல் ஒன்று காற்றில் நீண்டு, வளைந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கீழ் டம்ளருக்குள் சுருண்டது. மறுபடி மேலே. மறுபடி கீழே. நுரை எழும்பியது. கடைசியில் ஒரு டம்ளரின் விளிம்பு மற்றதன் விளிம்பில் இரண்டு தடவை பட்டது. டிங், டிங்.

வெயிலுமுத்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன சகோதரன் தெருவில் நடந்துபோவதைப் பார்ப்பவர் போல.

“இருட்டுல யாரு வாராகன்னு தெரியணும்ல,” என்றார் மெதுவாக. “சத்தமில்லாம வந்தா சுட்ருவாக. அதுக்காக நான் வச்ச பழக்கம் அது.” பிறகு, “போயிருச்சுன்னு சொன்னீகளாமே தம்பி?”

தொம்மை டம்ளரை நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“நான் அதக் கேக்கப் போறதில்ல,” என்றார். “குடுத்தது நான், எடுத்தவுக நீங்க இல்ல. ஆனா புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அன்னைக்கு வந்தது எங்கப்பன் இல்லேன்னு அவளுக்குத் தெரியணும். நான் சொன்னா நம்பமாட்டா. உங்க மேலிடத்துக்காரக இது ரகசியம்ங்குறாக. நானும் கையெழுத்துப் போட்ருக்கேன். எனக்குன்னு இருக்குறது அவ ஒருத்தி. என்னைய அவ பாக்குற பார்வை இருக்கே...”

அவர் முடிக்கவில்லை. உள்ளறைக் கதவில் பவளம் நின்றுகொண்டிருந்தாள். அந்த டிங் சத்தம் அவளை எழுப்பிக் கொண்டுவந்திருந்தது. ஒன்பது வயது இருக்கும். தலைமுடி சீப்புப் படாமல் சிக்குச் சிக்காக, காட்டுக்கொடி மாதிரி தோளில் கிடந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தொம்மையின் முகத்தையும் பார்க்கவில்லை. அவனது வலது கையைப் பார்த்தாள்.

“சாயா யாரு ஆத்தினது?”

“நான்தான்,” என்றான் தொம்மை.

அவள் உள்ளே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தபோது ஒரு சீப்போடு திரும்பி வந்தாள். அவன் முன்னால், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். சீப்பைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள். அது ஒரு சோதனை என்று அவனுக்குப் புரிந்தது.

அவன் வெயிலுமுத்துவைப் பார்த்தான். அவர் சுவரோடு சுவராக நின்றார். தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கை சீப்பை வாங்கியது. சிக்கை நுனியிலிருந்து எடுக்கத் தொடங்கியது. வலிக்காமல் இருக்க முடியின் நடுவில் பிடித்துக்கொண்டது. பவளத்தின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. முடியை மூன்றாக அல்ல, நான்காகப் பிரித்தது. கயிறு திரித்துக்கொண்டிருந்த காலத்தில் வெயிலுமுத்து தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட பின்னல் அது. தாயில்லாத மகளுக்கு வேறு எப்படிப் பின்னுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னலின் ஓரத்துக் கால் இரண்டைத் தாண்டி ஒன்றின் கீழே புகுந்தது. மறுபக்கத்துக் கால் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் வந்து சேர்ந்துகொண்டது.

குவார்ட்டர்ஸில் இத்தனை நாளும் காற்றைத் தட்டிக்கொடுத்த கைக்கு இன்றைக்கு ஒரு தலை கிடைத்திருந்தது. இந்த வெயில், இந்த அலைச் சத்தம், விரலிடுக்கில் இந்த முடி. இது முடியாமல் இருந்தால் போதும். மேலிடம், ரகசியம், நீச்சல் எதுவுமே அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதை விட்டுவிட்டு அந்த ஒற்றை நாற்காலிக்குத் திரும்பிப் போவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

“அன்னைக்கும் நீங்கதான் வந்தீகளா?” என்றாள் பவளம், திரும்பாமல்.

வெளியே காவலாளும் டாக்டரும் பேசுவது கேட்டது. அலை பாறையில் ஏறி இறங்கியது.

“ஆமா,” என்றான் தொம்மை. “நான்தான் வந்தேன். உங்கப்பா இல்ல. அவுக எங்கேயோ ஒரு ரூம்ல படுத்துக் கெடந்தாக. நீ பள்ளிக்கூடத்துல இருப்பேன்னு நெனச்சிக்கிட்டு. உன்னைய விட்டுட்டுப் போனவன் நான்.”

“தாத்தாவ?”

“அதுவும் நான்தான்.”

அவள் உடம்பு கல்லாகிப்போனது. எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தான். முடி அவன் கையில் இருந்ததால் ஓட முடியவில்லையோ என்று தோன்றி விரல்களைத் தளர்த்தினான். அவள் ஓடவில்லை. வெகுநேரம் தரையில் காய்ந்துகொண்டிருந்த தேநீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுதாள். சத்தம் வரவில்லை, பின்னலின் நுனி மட்டும் அவன் விரலுக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. வெயிலுமுத்து ஓரடி முன்னால் வந்தார். அவர் கை தூக்கியபடி நின்றது. அந்தத் தலையை எப்படித் தொட வேண்டும் என்று அது யோசித்துக்கொண்டிருந்தது.

பவளம் முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தலையைத் திருப்பி, வெகுநாளைக்குப் பிறகு, அப்பாவை நன்றாகப் பார்த்தாள். அவர் நெற்றிக் காயங்களை, கயிறு கட்டின வேட்டியை, அந்தரத்தில் நின்ற அந்தக் கையை. பிறகு, பாதிப் பின்னலோடு இருந்த தொம்மையின் விரல்களைக் குனிந்து பார்த்தாள்.

“அப்ப எங்கப்பா கை உங்ககிட்டத்தான் இருக்கா?”

நான்காவது கால் அவன் விரலிடுக்கில் காத்துக்கொண்டிருந்தது.

“பின்னி முடிச்சிட்டு,” என்றாள் பவளம், “அத அவுகளுக்கே திருப்பிக் குடுத்துருவீகளா?”